நாற்பதாவது வரிசை

சர்கா சமவெளியில் காலை மைனஸ் முப்பத்திரண்டு.
ஐஸ்பெட்டிக்குள் இங்கே ஐஸ் வைப்பதில்லை;
வெந்நீர்ப் போத்தலைக் கம்பளித் துணியில் சுற்றி வைக்கிறோம்
ரத்தம் உறைந்து குழாய் வெடிக்காமலிருக்க.
அதுவும் ஆறிப்போனால்
குழாய்களை மேலங்கிக்குள் போட்டுக்கொள்வேன்,
வயிற்றோடு ஒட்டி.
மான்களின் ரத்தம் என் சூட்டில் கிடக்கும்
வேன் வந்து சேரும்வரை.

சைகா மானின் மூக்கைப் பற்றி
உலான்பாதரில் ஒரு முழுப் பருவம் படித்தோம்.
தொங்கும் அந்தப் பெரிய மூக்கு
கோடையில் புழுதியை வடிகட்டும்,
பனியில் காற்றைச் சூடாக்கி உள்ளே அனுப்பும்.
தேர்வில் படம் வரைந்து பாகம் குறித்தேன்:
பத்துக்கு ஒன்பது.
இங்கே அதே மூக்கில் சீழ் வழிந்து உறைந்து
இரண்டு மஞ்சள் கம்பிகளாய் நிற்கிறது.

நோயின் பெயர் ஆட்டுக்கொல்லி.
பெயர் வைத்தவர்கள் மானை நினைக்கவில்லை.
ஒரு வெள்ளாட்டின் தும்மலிலிருந்து,
ஒரே உப்பை நக்கிய நாக்குகள் வழியே
காட்டுக்குள் அது போயிருக்கக்கூடும்.
அந்தப் 'போயிருக்கக்கூடும்' என்பதைப்
'போயிருக்கிறது' ஆக்க
நாற்பது உடல்கள் வேண்டும் என்றார் பேராசிரியர் லுவ்சான்.
நாற்பதுக்குக் கீழே எண்கள் வாய் திறக்காதாம்.

முப்பத்தொன்பது அறுத்தேன்.
ஷிரேந்தேவ் வேனின் எஞ்சினை அணைக்கவேயில்லை;
அணைத்தால் வசந்தத்தில்தான் கிளம்பும் என்பான்.
முதல் பத்து உடல்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.
பிறகு கை வேகமாகிவிட்டது.
இருபத்தேழாவதின் வயிற்றில்
விரல் நீளத்துக்கு ஒரு குட்டி.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
இரண்டாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று
ஒரு கணம், ஒரே கணம், யோசித்தேன்.

பல்ஜின்னியம் தினமும் குதிரையில் வந்து
தூரத்தில் நிற்பார்.
அவர் பட்டியிலும் சாவு.
தடுப்பூசி வண்டி வந்தது
பட்டி பாதி காலியான பிறகு.
"எங்கள் ஆடுகளிலிருந்தா?" என்று கேட்டார் ஒருநாள்.
படித்த வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது:
மேலும் ஆய்வுகள் தேவை.
அதைத்தான் சொன்னேன்.
கடன்காரன் சொல்லும் சாக்கைக் கேட்பவர்போலத்
தலையசைத்துவிட்டுப் போனார்.

பிறகு நான்கு நாள் ஒன்றும் சாகவில்லை.
நல்ல செய்தி; வானொலியிலும் சொன்னார்கள்.
நான் பைனாகுலரும் கையுமாய்
அண்டங்காக்கைகள் எங்கே இறங்குகின்றன என்று
வெள்ளையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.
இரவில் கூடாரத்து அடுப்பில் சாணி எரிய
இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று என்று வேண்டினேன்.
யாரிடம் என்று கேட்காதீர்கள்.

ஐந்தாம் நாள் ஓர் ஆண்மான்.
கால்களை அகட்டித் தனியே நின்றது.
மெழுகு நிறக் கொம்பில் பனித்தூள்.
பத்தடி வரை போனேன்; ஓடவில்லை.
புத்தகம் இதை நடத்தை மாற்றம் என்கிறது.
பையில் ஊசி இருந்தது.
அதைப் போட அமைச்சகத்தின் அனுமதி வேண்டும்,
தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை.
உட்கார்ந்து அதன் மூச்சை எண்ணினேன்.
நிமிடத்துக்கு அறுபது. எழுபத்தாறு.
அப்புறம் நாற்பது,
அப்புறம் எண்ணவே தேவையில்லாதபடி மெதுவாக.
முன்னங்கால்கள் முதலில் மடங்கின.

அப்போது என் நெஞ்சில் குதித்ததே,
அது மகிழ்ச்சி.
வேறு சொல் தேடிப் பார்த்துவிட்டேன்.
கத்தியின் நீளம்வரை எழுதச் சொல்லும் ஆய்வேடு
இதை எந்த இயலில் எழுதச் சொல்லும்?

பல்ஜின்னியம் அன்றுதான் குதிரையிலிருந்து இறங்கினார்.
கேட்காமலே வந்து மண்டியிட்டு
நான் அறுப்பதற்கு வாகாகக் காலைத் தூக்கிப் பிடித்தார்.
கையுறை போடச் சொன்னேன், சிரித்தார்.
"நாற்பதா?" என்றார்.
எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்.
நாற்பது என்றேன்.
"எனக்கு எழுபத்திரண்டு," என்றார்,
காலை விடாமல்,
"குட்டிகளைச் சேர்க்காமல்."